தலையும் வாலும் பார்த்து வாங்குங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வாசலில் நிற்கும் பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: "கறி நல்லா இருக்கா?" கடைக்காரர் "அருமையா இருக்கு" என்பார். வேறு என்ன சொல்வார்? ஆடு வெள்ளாடா செம்மறியா, கிடாயா பெட்டையா, பல் போட்டதா, எப்போது அறுத்தது, எந்தப் பகுதியிலிருந்து வெட்டப்போகிறீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். வாங்க வந்தவருக்கு விவரம் தெரியும் என்பது கடைக்காரருக்குப் புரிந்துவிடும். இந்தக் கேள்விகளில் பாதிக்குப் பதில் கடையிலேயே கொக்கியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழியைத்தான் இங்கே சொல்லப்போகிறோம். பேச்சு முழுக்க ஆட்டுக்கறியைப் பற்றியது.

முழு ஆடு தொங்கும் கடை

முதல் விதி இது: வெட்டிக் குவித்து வைத்த கறியை வாங்காதீர்கள். உரித்த ஆடு முழுதாகத் தொங்க வேண்டும், நீங்கள் கேட்ட பிறகு உங்கள் கண் முன்னால் வெட்ட வேண்டும். துண்டு போட்டுவிட்ட கறியில் இனம், வயது, பால் எதையும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. நேற்று மிஞ்சிய கறியையும் இன்றைய கறியையும் கலந்து வைத்தாலும் தெரியாது.

2018 நவம்பரில் சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தில் நடந்ததை நினைத்துப்பாருங்கள். ராஜஸ்தானின் ஜோத்பூரிலிருந்து ரயிலில் வந்த இறைச்சிப் பெட்டிகளை அதிகாரிகள் பிடித்தார்கள். உரித்த உடல்களில் வால் நீளமாக இருந்ததால் அது நாய்க்கறி என்று செய்தி பரவி, நகரத்து பிரியாணிக் கடைகளில் எல்லாம் வியாபாரம் படுத்தது. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்ததில் அது ஆட்டிறைச்சிதான் என்று தெரிந்தது. அது என்ன கறி என்று சொல்ல ஆய்வகம்வரை போக வேண்டியிருந்தது. அந்த ஊர் ஆட்டுக்கு வால் நீளம் என்பது இங்கே பலருக்கும் தெரியாததுதான் குழப்பத்துக்குக் காரணம். எங்கேயோ அறுத்து, எப்போதோ அனுப்பிய கறியில் வரும் சந்தேகம், தலையும் வாலும் எதிரில் இருக்கும் உள்ளூர்க் கடையில் வராது.

வால், விதை, கொழுப்பு

ஆட்டை உரிக்கும்போது பல கடைக்காரர்கள் வாலின் நுனியில் மட்டும் கொஞ்சம் முடியை விட்டுவைப்பார்கள். மறந்துபோய் விட்டதல்ல, ஆட்டின் நிறத்தையும் இனத்தையும் வாடிக்கையாளர் பார்த்துக்கொள்ளட்டும் என்று வைத்த அடையாளம் அது. கிடாய் என்றால் விதையையும் அறுக்காமல் உடலோடு தொங்கவிடுவார்கள். இரண்டும் இருந்தால் கடைக்காரர் மறைக்க ஒன்றும் இல்லை என்று பொருள்.

வெள்ளாடா செம்மறியா என்பதைக் கொழுப்பு காட்டிக்கொடுக்கும். வெள்ளாட்டுக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பு மிகக் குறைவு. உள்ளே, சிறுநீரகத்தைச் சுற்றித்தான் கொழுப்பு சேரும். ஆகவே வெளியிலிருந்து பார்த்தால் சதையின் சிவப்பு தெளிவாகத் தெரியும். செம்மறிக்கு முதுகிலும் வால் அடியிலும் தொடை மேலும் வெள்ளைக் கொழுப்பு போர்த்தினாற்போல் படிந்திருக்கும்.

செம்மறி மட்டம், வெள்ளாடு உசத்தி என்று ஒரு பேச்சு உண்டு. அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மேச்சேரி, ராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர், கீழக்கரிசல் என்று தமிழ்நாட்டுக்கே உரிய நல்ல செம்மறி இனங்கள் இருக்கின்றன. கொழுப்புச் சுவை பிடித்தவர்கள் செம்மறிக் கறியைத் தேடியே போவார்கள். வெள்ளாட்டு விலை கொடுத்துவிட்டுச் செம்மறிக் கறியோடு வீடு திரும்புவதுதான் நஷ்டம்.

வெள்ளாட்டில் தெற்குச் சீமைக்காரர்களுக்குக் கன்னி ஆடும் கொடி ஆடும் பழக்கம். விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் கரிசல் காட்டில் மேய்ந்து வளர்பவை இவை. மேற்கே சேலம் கருப்பு. தலைச்சேரி ஆடு கேரளத்திலிருந்து வந்து இப்போது ஊரெங்கும் பண்ணைகளில் வளர்கிறது. வியாழக்கிழமை அய்யலூர், வெள்ளிக்கிழமை செஞ்சி, சனிக்கிழமை எட்டயபுரம், செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் என்று வாரச்சந்தைகளிலிருந்து கடைக்காரர்கள் ஆடு பிடித்து வருவார்கள். "எந்தச் சந்தை ஆடு?" என்று கேட்டுப்பாருங்கள். தானே போய்ப் பார்த்துப் பிடித்தவர் என்றால் ஆட்டின் கதையையே சொல்லிவிடுவார்.

பல்லைப் பார்த்தால் வயது தெரியும்

மேசை ஓரத்தில் ஆட்டுத் தலை இருக்கும். அதன் கீழுதட்டை விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டுக்கு முன்பல் கீழ்த்தாடையில் மட்டும்தான் உண்டு, மேலே வெறும் ஈறு. குட்டிக்கு எட்டுப் பாற்பற்களும் சிறிதாக, அரிசிப் பல்லாக இருக்கும். ஏறக்குறைய ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள் நடுவில் உள்ள இரண்டு பால்பற்கள் விழுந்து, அகலமான இரண்டு நிலைப்பற்கள் முளைக்கும். இதைத்தான் 'பல் போட்ட ஆடு', 'ரெண்டு பல்' என்கிறார்கள். பிறகு ஆண்டுக்கு ஒரு ஜோடி என்ற கணக்கில் நாலு பல், ஆறு பல், எட்டுப் பல் என்று ஏறும்.

எட்டும் பாற்பல் என்றால் இளங்கறி. குக்கரில் சீக்கிரம் வெந்துவிடும், வறுவலுக்கு ஏற்றது. ரெண்டு பல் ஆட்டில் மென்மையும் இருக்கும், கறியின் ருசியும் ஏறியிருக்கும். பிரியாணிக்கும் குழம்புக்கும் பலர் தேடுவது இதைத்தான். ஆறு, எட்டுப் பல் என்றால் முத்தல். கெட்ட கறி இல்லை, ஆனால் நெடுநேரம் வேக வேண்டும். பல முறை குட்டி போட்டு ஓய்ந்த பெட்டையாடு இந்த வகையில் வரும். அதை இளங்கறி விலைக்கு வாங்கக் கூடாது.

கிடாயில் இன்னொரு விஷயம் உண்டு. காயடிக்காத வளர்ந்த கிடாயின் கறியில் ஒரு வாடை அடிக்கும். காயடித்த கிடாயிலும் இளங்கிடாயிலும் அந்த வாடை இருக்காது. 'கிடாய்க்கறி' என்பது மட்டும் போதாது, இளசா என்றும் கேட்க வேண்டும்.

முத்திரையும் கடைச் சுத்தமும்

மாநகராட்சி, நகராட்சி இறைச்சிக்கூடங்களில் அறுப்பதற்கு முன்பு ஆட்டையும், அறுத்த பிறகு உடலையும் கால்நடை மருத்துவர் சோதிக்க வேண்டும். சென்னையில் ஆட்டுத்தொட்டி என்பார்கள். பெரம்பூர், சைதாப்பேட்டை, வில்லிவாக்கம் தொட்டிகள் பழகிய பெயர்கள். சோதனை முடிந்த உடலின் மேல் மையால் முத்திரை குத்துவார்கள். தொடையிலோ முதுகிலோ அந்த மை தெரிகிறதா என்று பாருங்கள். சினை ஆட்டையும், மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டியையும், மூன்று மாதத்துக்குள் குட்டி போட்ட ஆட்டையும் அறுக்கக் கூடாது என்று 2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள் சொல்கின்றன.

கடையில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் கொண்ட உரிமமோ பதிவுச் சான்றிதழோ மாட்டியிருக்க வேண்டும். சான்றிதழைவிட அதிகம் சொல்லுவது வெட்டும் கட்டை. கறிக்கடைகளில் புளியமரக் கட்டைக்கு மதிப்பு அதிகம், வெட்டு விழுந்தாலும் சிம்பு சிம்பாகப் பெயராது என்பதால். அந்தக் கட்டையின் மேல்பரப்பு சுரண்டி, கழுவி, வெளிறிக் கிடக்க வேண்டும். வெட்டுப் பள்ளங்களில் பழைய கறித்துணுக்கு கறுத்துப்போய் ஒட்டியிருந்தால் வேறு கடை பாருங்கள். கழிவு எங்கே போகிறது, சாக்கடை ஓரமா, மூடிய தொட்டியா? கறியின் மேல் வலையோ கண்ணாடியோ இருக்கிறதா? பணம் வாங்கிய கையாலேயே கறியைத் தொடுகிறார்களா? இவ்வளவையும் வரிசையில் நிற்கும் நேரத்தில் பார்த்துவிடலாம்.

நிறம், ஈரம், மணம்

காற்றுப் பட்ட புதுக் கறி பளிச்சென்ற சிவப்பு. உள்ளே வெட்டிப் பார்த்தால் சற்றே ஊதா கலந்த கருஞ்சிவப்பாக இருக்கும். அது இயல்பு, பயப்பட வேண்டாம். காற்றில் கிடக்கக் கிடக்க, சிவப்பு மங்கிப் பழுப்பாகும். பச்சை படர்ந்தாலோ விரலில் பிசுபிசுவென்று கொழகொழப்பு ஒட்டினாலோ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விரலால் அழுத்தினால் சதை மீண்டு எழ வேண்டும். குழி அப்படியே நின்றால் பழைய கறி.

மேல்பரப்பு லேசாக உலர்ந்து, தொட்டால் மெல்ல ஒட்ட வேண்டும். கறியிலிருந்து நீர் சொட்டினாலோ, அடிக்கடி குவளையில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாலோ, நீங்கள் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். தண்ணீர் பட்ட கறி சீக்கிரம் கெடவும் செய்யும். புதுக் கறிக்கு லேசான ரத்த மணம்தான் இருக்கும். மூக்கைச் சுளிக்க வைத்தால் மசாலா எதுவும் அதைக் காப்பாற்றாது.

எதற்கு எந்தப் பகுதி?

"ஒரு கிலோ மட்டன்" என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் தன் வசதிக்கு வெட்டுவார். என்ன சமைக்கப்போகிறீர்கள் என்று சொன்னால் உங்கள் வசதிக்கு வெட்டுவார். நல்ல கடையில் பேச்சு இப்படிப் போகும்:

"பாய், பிரியாணிக்கு ஒரு கிலோ வேணும்."

"எத்தனை பேருக்குக்கா?"

"ஆறு பேரு. அதுல ரெண்டு சின்னப் பிள்ளைங்க."

"அப்ப தொடையில முக்காக் கிலோ, நெஞ்செலும்பு கால் கிலோ போடறேன். துண்டு கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும், வெந்தா சுருங்கிடும்."

அவர் சொல்வதில் கணக்கு இருக்கிறது. தொடையில் சதை அதிகம், கொழுப்பு குறைவு. தொடையை மட்டும் போட்டால் பிரியாணி வறண்டுவிடும். நெஞ்செலும்பில் உள்ள கொழுப்பும் குருத்தும்தான் அரிசிக்கு ருசி ஏற்றும்.

பொதுவான விதி ஒன்று உண்டு. அதிகம் உழைக்கும் தசையில் நாரும் சவ்வும் அதிகம், ருசியும் அதிகம், வேகவும் நேரமாகும். உழைப்புக் குறைந்த தசை மென்மையானது. கழுத்தும் கால்களும் முதல் வகை, முதுகு இரண்டாவது வகை. நிதானமாக வேகும்போது அந்தச் சவ்வு கரைந்து குழம்புக்கு வழவழப்பான கெட்டித்தன்மையைக் கொடுக்கும். இதை வைத்துப் பார்த்தால்:

குழம்புக்கு முன்னங்காலும் கழுத்தும் கலந்து, எலும்போடு.

சுக்காவுக்கும் வறுவலுக்கும் தொடையில் சின்னத் துண்டுகள். சாப்ஸ் என்று கேட்டால் விலா எலும்போடு வரும், அதையும் வறுக்கலாம்.

சூப்புக்கு நல்லி எலும்பு. இரண்டு முனையும் வெட்டித் தரச் சொல்லுங்கள், அப்போதுதான் உள்ளே இருக்கும் மஜ்ஜை இறங்கும்.

கோலா உருண்டைக்குத் தொடையிலிருந்து எடுத்த தனிக்கறி, கொழுப்பும் சவ்வும் நீக்கியது. கொழுப்பு இருந்தால் எண்ணெயில் உருண்டை உடைந்துபோகும்.

உப்புக்கண்டத்துக்கும் தொடைக்கறிதான். ஆனால் நாரின் போக்கிலேயே நீளவாக்கில் கீறித் தர வேண்டும்.

கொத்துக்கறியைத் தயாராக வைத்திருக்கும் குவியலிலிருந்து வாங்கவே வாங்காதீர்கள். உதிரித் துணுக்குகளைத் தள்ளிவிட வசதியான இடம் அதுதான். கறியைத் தேர்ந்தெடுத்து, சவ்வெடுத்து, எதிரிலேயே கொத்தச் சொல்லுங்கள். கொத்திய கறியில் காற்றும் கிருமியும் படும் பரப்பு பல மடங்கு கூடுவதால், அன்றைக்கே சமைத்துவிட வேண்டும்.

ஈரல், குடல், தலை

ஈரல் வழவழவென்று, ஒரே நிறத்தில், கூர்மையான ஓரத்தோடு இருக்க வேண்டும். வெள்ளைப் புள்ளி, நீர்க்கட்டி, தடித்த குழாய் போன்ற கோடுகள் தெரிந்தால் புழுத் தாக்கம் இருக்கலாம், வேண்டாம். பச்சைக் கறை இருந்தால் பித்தப்பை உடைந்து பட்டிருக்கிறது. அந்த இடம் எவ்வளவு சமைத்தாலும் கசக்கும், வெட்டி எறியச் சொல்லுங்கள்.

சுவரொட்டி, அதாவது மண்ணீரல், ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான். இரும்புச் சத்து மிகுந்தது. பிள்ளைகளுக்கும் பிரசவித்த பெண்களுக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்குவோர் உண்டு. காலையில் முந்துபவருக்கே கிடைக்கும். தலையையும் காலையும் தீயில் வாட்டி, சுரண்டித் தருவார்கள். குடல் வாங்கினால் கடையில் சுத்தம் செய்தது என்று நம்பி விட்டுவிடாமல், வீட்டில் வெந்நீரும் மஞ்சளும் உப்பும் போட்டு இன்னொரு முறை அலசுங்கள். உள்ளுறுப்புகள் சதையைவிட வேகமாகக் கெடும். அறுத்த அன்றே அடுப்பில் ஏற்றிவிட வேண்டும்.

எடையும் விலையும்

உயிர் எடையில் ஏறக்குறைய பாதிதான் எலும்போடு கூடிய கறியாக நிற்கும். 20 கிலோ ஆட்டில் 9 முதல் 10 கிலோ. சந்தையில் உயிர் எடை கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கறி கிலோ 800 ரூபாய்க்குப் பக்கத்தில் விற்றால்தான் ஆட்டு விலையாவது திரும்பும். தலை, கால், குடல், தோல் விற்று வருவதில்தான் வண்டிச் சத்தமும் கூலியும் லாபமும். ஆகவே ஊர் விலையைவிட 200, 300 ரூபாய் குறைத்து விற்கும் கடையில் எது குறைகிறது என்று யோசியுங்கள். கிழ ஆடாக இருக்கலாம், வேறு இனமாக இருக்கலாம், நேற்றைய கறியாகவும் இருக்கலாம்.

தராசைப் பாருங்கள். கறி ஏறும் முன் எண் பூஜ்யத்தில் நிற்கிறதா? மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும். தமிழ்நாட்டில் அதைக் கவனிப்பது தொழிலாளர் துறை, எடையில் புகார் என்றால் அங்கேதான் போக வேண்டும். எடை போட்ட பிறகு 'கொசுறு' என்று ஒரு துண்டு கொழுப்பையோ எலும்பையோ போடுவது கடைக்காரரின் அன்பு. எடை போடும் முன்பே அவற்றை நடுவில் செருகுவது வேறு கணக்கு. எவ்வளவு கொழுப்பு வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தூக்கு வாளியோ மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவோ கொண்டுபோங்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருக்கிறது. தடை ஒருபக்கம் இருக்கட்டும், கறுப்புப் பையில் வெயிலில் வேகும் கறிக்கும் டப்பாவில் வரும் கறிக்கும் வித்தியாசம் உண்டு.

எப்போது போகலாம்?

ஞாயிற்றுக்கிழமை ஆடு நிறைய விழும், கறி புதிதாக இருக்கும். ஆனால் பேசிப் பொறுக்கி வாங்க நேரம் இருக்காது. புதன்கிழமையோ வெள்ளிக்கிழமையோ காலையில் போனால் கடைக்காரருக்கு ஓய்வு இருக்கும். ஒரே ஆடு அறுத்திருப்பார், வேண்டிய பகுதியைச் சுட்டிக்காட்டி வாங்கலாம். புரட்டாசியிலும், கார்த்திகை பிறந்து மாலை போடும் நாட்களிலும் கூட்டம் குறையும். தீபாவளிக்கும் கரிநாளுக்கும் முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும்.

திருவள்ளுவர் நாள், வள்ளலார் நினைவு நாள், மகாவீரர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் இறைச்சிக்கூடங்களையும் கறிக்கடைகளையும் மூடச் சொல்லி உள்ளாட்சி அமைப்புகள் உத்தரவிடுவது வழக்கம். அன்று பின்வாசல் வழியாகக் கிடைக்கும் கறி பழையதாகவோ, சோதனை இல்லாமல் அறுத்ததாகவோதான் இருக்கும்.

கிராமங்களில் இன்னொரு நல்ல வழி இருக்கிறது: பங்குக் கறி. பத்து வீடு சேர்ந்து தெரிந்தவரிடம் ஒரு கிடாயைப் பிடித்து, அறுத்து, சதையும் எலும்பும் ஈரலும் சமமாக வரும்படி கூறு போட்டு எடுத்துக்கொள்வார்கள். ஆடு எங்கே மேய்ந்தது என்பதுவரை எல்லாருக்கும் தெரியும். நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் இதைச் செய்யலாம். பழகிய கடைக்காரரிடம் முழு ஆட்டுக்கும் பேசி, கடையிலேயே கூறு போட்டு வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

அறுத்த சில மணி நேரத்தில் ஆட்டின் தசை விறைக்கத் தொடங்கும். உயிர் போன பிறகு தசையில் இருக்கும் சக்தி தீர்ந்து, நார்கள் இறுகிப் பூட்டிக்கொள்வதால் வருவது இது. விறைப்பதற்கு முன் சமைத்தால் கறி மென்மையாக இருக்கும், விறைத்த நிலையில் சமைத்தால் ரப்பர்தான். அதிகாலையில் அறுத்ததைக் காலையிலேயே வாங்கிச் சமைப்பவர்களுக்குச் சிக்கல் இல்லை. மறுநாள் சமைப்பதாக இருந்தால், மூடிய பாத்திரத்தில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வையுங்கள். தசையில் உள்ள நொதிகள் அந்த இறுக்கத்தைத் தளர்த்திவிடும். வாங்கி வந்த சூட்டோடு நேராக ஃப்ரீசரில் போடுவதுதான் பலர் செய்வது. விறைப்பு அடங்குவதற்கு முன்பே உறைந்த கறி, உருகியதும் கடினமாகிவிடும். முதலில் ஓர் இரவு கீழ்த்தட்டு, பிறகுதான் ஃப்ரீசர்.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். நம் ஊர்ச் சமையலறை எப்போதும் அதற்கு நடுவில்தான் இருக்கிறது. கறியை மேடையில் வைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்க்காதீர்கள். கழுவுவதானால் குழாயைச் சன்னமாகத் திறந்து, சமைக்கும் நேரத்தில் கழுவுங்கள். கழுவி ஊறவைத்தால் ருசி நீரோடு போய்விடும். கழுவிய இடத்தையும் கத்தியையும் சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகே காய்கறியைத் தொடுங்கள்.

முதல் முறை போகும் கடையில் அரைக் கிலோ மட்டும் வாங்கிப்பாருங்கள். வேகாமல் போனாலோ வாடை வந்தாலோ அடுத்த முறை போகும்போது அதைச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் "எத்தனை விசில் விட்டீங்க?" என்று திருப்பிக் கேட்பார். நாலு விசில் என்றால், ஆடு கொஞ்சம் முத்தல், இன்னும் ரெண்டு விட்டிருக்கணும் என்பார், அடுத்த முறை பார்த்துப் போடுவார். குறை சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொள்பவர் என்றால், அடுத்த தெருவில் இன்னொரு கறிக்கடை இருக்கும்.